படியில் ஒட்டிய நாணயம்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் இரு பொருள் தருவது. எண்ணிக் கொடுக்கும் காசையும் அது குறிக்கும். எண்ணிக் காட்ட இயலாத நேர்மையையும் அது குறிக்கும். ‘அவர் நாணயஸ்தர்’ என்று ஊரார் ஒருவரைச் சொன்னால், அவர் வாயிலிருந்து வரும் சொல் காசைப் போலவே எங்கும் செல்லுபடியாகும் என்பது கருத்து. வணிகத்தையே வாழ்வாகக் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. ஆதலின், இச்சொல்லின் இரண்டாம் பொருளை நம் கதைகளும் கலைகளும் எவ்வாறு நடத்தியிருக்கின்றன என்று ஆராய்வது நமக்கு வேண்டிய ஒரு முயற்சியாகும்.

இந்த ஆராய்ச்சிக்குச் சேலம், நாமக்கல் சமவெளி பொருத்தமான களமாக அமைகிறது. காரணம், தமிழ் மக்கள் பெரிதும் விரும்பிப் பார்த்த இரண்டு கள்ளர் கதைகளுக்கு இந்த மண்ணோடு உறவு உண்டு. ஒன்று, மோகனூரில் 1888-ஆம் ஆண்டில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை அவர்கள் எழுதிய ‘மலைக்கள்ளன்’ என்னும் நாவல். அது 1954-இல் கோவை பட்சிராஜா நிறுவனத்தாரால் திரைப்படமாக்கப்பட்டது. மற்றொன்று, திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் அவர்கள் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் வெளியிட்ட ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று பேசப்படுவது இதுவே. இரண்டிலும் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர். இரண்டிலும் கதாநாயகனுக்கு ஒரு முஸ்லிம் பெயர் உண்டு. இரண்டிலும் பிறர் பொருளே ஏழைகளின் துயர் தீர்க்கிறது. இவற்றைத் திறனாய்வுக் கண் கொண்டு சற்றே நோக்குவோம்.

முதலில் ‘மலைக்கள்ளன்’. மு. கருணாநிதி அவர்களின் திரைக்கதை வசனத்தில் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய அப்படம், தமிழில் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது. தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய மொழிகளிலும் மீண்டும் எடுக்கப்பட்டது. ஏமாற்றுக்காரர்களை நோக்கி வினாத் தொடுக்கும் அதன் பாடலை டி.எம். சௌந்தரராஜனின் குரலில் கேளாத தமிழர் அரியர். கதை இதுதான்: தகாத வழியில் செல்வம் சேர்த்தவர்களிடம் கொள்ளையடித்து எளியோரைக் காக்கிறான் ஒருவன். மலைமீது, உயர்வு தாழ்வு இல்லாத ஓர் ஊரையே அவன் நடத்துகிறான். கடத்தப்பட்ட பூங்கோதையை மீட்டுக் கண்ணியமாக நடத்துகிறான். அவனே, ஊருக்குள் வரும்போது அப்துல் ரஹீம் என்னும் முஸ்லிம் வணிகராக வருகிறான். இறுதியில்தான் அவன் குமாரவீரன் என்னும் உண்மை வெளிப்படுகிறது.

இந்த அப்துல் ரஹீம் என்னும் பாத்திரத்தை நம்மவர்கள் பெருமையோடு நினைவுகூர்வது வழக்கம். அதில் நியாயம் உண்டு. ஊரின் மதிப்பைப் பெற்றவனாக, எவர் வீட்டு வாயிலிலும் தடையின்றி நுழையத் தக்கவனாக ஒருவனைக் காட்ட விரும்பிய கதை, ஒரு முஸ்லிம் வணிகரின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்நாளில் இப்பகுதியின் சந்தைகளிலும் கடைவீதிகளிலும் நம் முன்னோர் ஈட்டிய நற்பெயர் அத்தகையதாக இராவிடில், அந்த வேடம் பார்ப்போர் நெஞ்சில் ஒட்டியிராது. வேடம் பலிக்க வேண்டுமானால் அசல் நன்றாக இருந்திருக்க வேண்டுமல்லவா?

எனினும், திறனாய்வாளர் இத்துடன் நின்றுவிடலாகாது. கதையின் நீதி எங்கே நிகழ்கிறது என்று பார்க்க வேண்டும். அது மலைமேல் நிகழ்கிறது, இரவில் நிகழ்கிறது, முகமூடியின் பின்னே நிகழ்கிறது. பகலில், கடைவீதியில், அப்துல் ரஹீம் என்னும் வணிகர் எதை விற்றார், எப்படி நிறுத்தார், கடன் சொன்ன ஏழையிடம் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதைக் கதை பொருட்படுத்தவில்லை. நாணயமான வணிகர் அங்கே ஓர் உடையாக மட்டுமே தொங்குகிறார். கள்ளன் மெய், வணிகர் பொய். நேர்மையைக் காப்பாற்றக் கள்ளனும், அந்தக் கள்ளனை மறைக்க நேர்மையாளரும் தேவைப்பட்டார்கள் என்பது எவ்வளவு விந்தையான ஏற்பாடு!

இனி ‘அலிபாபா’. இக்கதை ‘ஆயிரத்தொரு இரவுகள்’ தொகுப்பின் பழைய அரபுச் சுவடிகளில் காணப்படாதது. அலெப்போ நகரத்தவரான ஹன்னா தியாப் என்பவர் 1709-இல் பாரிஸ் மாநகரில் கூற, அதைக் கேட்டு பிரெஞ்சு அறிஞர் காலான் தம் மொழிபெயர்ப்பில் சேர்த்தார் என்பது ஆய்வாளர் முடிவு. அங்கிருந்து உலகைச் சுற்றி, ஏற்காடு சாலையில் இருந்த சேலத்துப் படப்பிடிப்பு நிலையத்துக்கு அது வந்து சேர்ந்தது. விறகு வெட்டி ஒருவன் திருடர் குகையின் மந்திரச் சொல்லைக் கேட்டுவிடுகிறான். உள்ளே சென்று பொன்னை அள்ளி வருகிறான். பேராசை பிடித்த அண்ணன் காசிம், அதே குகையில் மந்திரச் சொல்லை மறந்து மாண்டு போகிறான். அலிபாபா நல்லவன், காசிம் கெட்டவன் என்று குழந்தைகளும் சொல்லிவிடும்.

ஆனால் ஒரு கேள்வியை எவரும் கேட்பதில்லை. குகையில் குவிந்திருந்த பொருள் யாருடையது? திருடர்களுடையது அன்று. வழிப்பயணத்தில் பறிகொடுத்த வணிகர்களுடையது. மகள் திருமணத்துக்கென்று வைத்திருந்ததை இழந்த தந்தையருடையது. அலிபாபா அவர்களைத் தேடவில்லை. தேடியிருக்க வேண்டும் என்று கதையும் எண்ணவில்லை. திருடனிடமிருந்து எடுத்தால் அது திருட்டாகாது, எடுத்ததில் ஒரு பங்கை ஏழைகளுக்கு ஈந்துவிட்டால் மீதிப் பங்கும் தூய்மையடைந்துவிடும் என்ற எண்ணம் சிரிப்பும் பாட்டுமாக நம் உள்ளத்தில் இறங்கிவிடுகிறது. ஈகையைக் கொண்டு நேர்மையின் கடனைத் தீர்த்துவிடலாம் என்பதே இவ்விரு கதைகளும் நமக்குச் செய்யும் மறைமுக உபதேசம். இதை நாம் ஏற்பதற்கில்லை. கொடுப்பது வேறு, கொடுபட வேண்டியதைக் கொடுப்பது வேறு. பின்னதைச் செய்யாதவன் முன்னதைச் செய்வதாகப் பறைசாற்றினால், அவன் கொடுப்பது அவனுடைய பொருளே அன்று.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். ‘பொழுதுபோக்குக்காகப் பார்க்கும் படங்களிடம் இத்தனை கணக்குக் கேட்கலாமா? ஜமீன்தாரையும் பண்ணையாரையும் எதிர்க்க வழியின்றித் தவித்த மக்களுக்கு, நல்ல கள்ளன் ஓர் ஆறுதல் அல்லவா?’ என்று அன்பர்கள் வினவலாம். நியாயமான கேள்வியே. சட்டம் வலியவன் வாசலில் வாலாட்டிக்கொண்டு நின்ற காலத்தில் மலையிலிருந்து ஒருவன் இறங்கி வர வேண்டும் என்று மக்கள் கனவு கண்டதை நாம் குறை கூறவில்லை. நாமக்கல் கவிஞர் நாட்டு விடுதலைக்குப் பாடிச் சிறை சென்ற பெருமகனார். அவர் நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. நம் குறையெல்லாம், கனவு முடிந்த பின்னும் நாம் கண் விழிக்கவில்லையே என்பதுதான். நேர்மை என்றால் யாரோ ஒரு வீரன் வந்து செய்யும் சாகசம் என்று கருதும் பழக்கம், திரை விழுந்த பிறகும் நம்மை விட்டபாடில்லை.

இதற்கு அந்த நாமக்கல்லிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. சேலத்திலிருந்து பிரிந்து 1997 முதல் தனி மாவட்டமாக இயங்கிவரும் நாமக்கல்லில், 2009-ஆம் ஆண்டு மாவட்ட ஆட்சியராக இருந்தவர் உ. சகாயம் அவர்கள். ‘லஞ்சம் தவிர்த்து நெஞ்சம் நிமிர்த்து’ என்னும் வாசகத்தைத் தம் அலுவலகத்தில் எழுதி வைத்தவர். அவ்வாண்டில் அவர் ஒரு காரியம் செய்தார். தம் சொத்து விவரங்களை மாவட்டத்தின் இணையதளத்தில், எவரும் பார்க்கும்படி வெளியிட்டார். வங்கியில் 7,172 ரூபாய்; மதுரையில் 9 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு வீடு. கணக்கு அவ்வளவே. தமிழ்நாட்டில் இவ்வாறு தாமாக முன்வந்து வெளியிட்ட முதல் இந்திய ஆட்சிப்பணி அதிகாரி அவரே என்று செய்தித்தாள்கள் எழுதின.

இந்நிகழ்ச்சியை மலைக்கள்ளன் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே நன்மை செய்பவன் முகத்தை மூடிக்கொள்கிறான். இங்கே ஒருவர் தம் பெட்டியைத் திறந்து காட்டுகிறார். அங்கே நீதி சட்டத்துக்குப் புறம்பாக நிற்கிறது; இங்கே அது அரசாங்க நாற்காலியிலேயே அமர்ந்திருக்கிறது. பகலில், மக்கள் மனுவோடு வந்து நிற்கும் இடத்தில் நிகழ்கிறது. நம் கதைகள் காட்டத் தவறிய காட்சி இதுவே. பொறுப்பில் இருப்பவர் தம் கணக்கைத் தம் மேலதிகாரிக்குக் காட்டுவது விதி. அகில இந்தியப் பணிகளுக்கான 1968-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே அதைக் கட்டாயமாக்கியுள்ளன. ஆனால், எந்த மக்களுக்காக அமர்ந்திருக்கிறாரோ அந்த மக்களுக்கே காட்டுவது, ‘இந்த நாற்காலி உங்கள் அமானிதம்’ என்று ஒப்புக்கொள்வதாகும்.

ஆனால் நாம் அதை எவ்வாறு வரவேற்றோம்? அவரையும் ஒரு கதாநாயகராக்கினோம். மேடைகளில் புகழ்ந்தோம். அவர் அடிக்கடி இடமாற்றம் செய்யப்பட்டதைக் கதைபோலச் சொல்லி மகிழ்ந்தோம். மதுரைப் பகுதிக் கனிமக் கொள்ளையை விசாரிக்க 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை அமர்த்தியபோது, மீண்டும் மலையிலிருந்து ஒருவர் இறங்கி வந்துவிட்டதாகக் களித்தோம். 2021-இல் அவர் விருப்ப ஓய்வில் பணியை விட்டு நீங்கினார். ஒரு மனிதரின் புகழ் வளர்ந்தது; அவர் காட்டிய வழியில் நடந்தவர் எத்தனை பேர் என்று எண்ண நாம் உட்காரவில்லை. ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாயை வங்கியில் வைத்திருப்பது ஓர் அதிகாரியைப் பற்றிய பெருஞ்செய்தி ஆகிறது என்றால், மற்றவர்களைப் பற்றி நாம் எதை இயல்பு என்று எண்ணி வைத்திருக்கிறோம் என்பதை அச்செய்தியே சொல்லிவிடுகிறது. அந்தப் பாராட்டுக்குள் நம் அவநம்பிக்கை ஒளிந்திருக்கிறது.

நல்லவரைப் பாராட்டுதல் கடமைதான். ஆயினும், பாராட்டு ஒருவரது முதுகில் ஊரின் கடமை முழுவதையும் ஏற்றிவிட்டு நாம் விலகிக்கொள்வதற்கான வழியாக ஆகிவிடக் கூடாது. ஒருவருடைய துணிவைவிட, எவரும் தப்ப முடியாத ஒழுங்கே பொதுமக்களுக்குப் பாதுகாப்பு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அத்தகைய ஓர் ஒழுங்கு. 2011 முதல் ஆட்சிப்பணி அதிகாரிகளின் அசையாச் சொத்து விவரங்களை மத்திய அரசு இணையத்தில் வெளியிட முற்பட்டதும் அத்தகையதே. சுவீடன் நாட்டார் 1766-ஆம் ஆண்டிலேயே அரசாங்க ஏடுகளைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று சட்டம் இயற்றினர். வீரர்களுக்காகக் காத்திராமல், கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைப்பதே அவர்கள் கண்ட வழி.

அரசாங்கத்தை விட்டு அன்றாட வாழ்வுக்கு வருவோம். இந்தச் சமவெளியின் தொழில்கள் யாவும் நம்பிக்கை என்னும் ஒற்றைச் சக்கரத்தின்மேல் ஓடுகின்றன. நாமக்கல்லில் புறப்படும் லாரி பல லட்சம் பெறும் சரக்கோடு வட இந்தியாவுக்குச் செல்கிறது. ஓட்டுநர் கையில் இருப்பது ஒரு ரசீது. சரக்கை அனுப்பியவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இடையில் உறங்காமல் வண்டியோட்டும் அந்த மனிதரின் அமானிதம்தான் இருவரையும் இணைக்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. கூலி அடிக்கு இவ்வளவு என்று கணக்கு. பூமிக்குள் எத்தனை அடி இறங்கியது என்பதை நிலக்காரர் கண்ணால் காண முடியாது. எத்தனை ராடு இறங்கின என்று எண்ணிக்கொண்டு நிற்கலாம். இரவு இரண்டு மணிக்குக் கண்ணயர்ந்துவிட்டால் சொன்ன கணக்கை நம்ப வேண்டியதுதான். நகையை அடகு வைத்துத் தண்ணீர் தேடுகிற குடியானவரிடம் கூடுதலாக இருபது அடி எழுதுவதும் எழுதாமல் விடுவதும் இரவில், யாரும் பாராத வேளையில் நிகழும் தீர்ப்பு.

முட்டைக்குத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஒரு விலையை அறிவிக்கிறது. வியாபாரி அதிலிருந்து ‘மைனஸ்’ என்று சில காசுகளைக் கழித்துக்கொண்டே பண்ணையாளரிடம் வாங்குகிறார் என்பது நெடுநாளைய மனக்குறை. சேலத்து ஜவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடு பெற்று ஊருக்குப் பெருமை சேர்த்தது. அதே ஜவ்வரிசியில் வெண்மை கூட்ட இரசாயனம் சேர்ப்பதாகவும் மக்காச்சோள மாவு கலப்பதாகவும் புகார்கள் எழுந்து சோதனைகள் நடந்ததும் உண்டு. நோன்புக் காலத்திலும் பெருநாள் காலையிலும் நம் வீட்டுப் பாயசத்தில் கிடக்கும் அந்த வெள்ளை மணியில் எத்தனை பேருடைய ஒழுக்கம் அடங்கியிருக்கிறது! குழந்தைக்கு ஊட்டும் தாய் ஆலையைக் கண்டவள் அல்லள், நம்பி ஊட்டுகிறாள்.

அளவையில் மோசம் செய்வோரைப் பற்றித் திருமறையில் தனி அத்தியாயமே உண்டு. ‘அல்முதஃப்பிஃபீன்’ என்பது அதன் பெயர், வரிசையில் 83-ஆவது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன்பே ‘அல்அமீன்’, நம்பிக்கைக்குரியவர், என்று மக்கத்து மக்களால் அழைக்கப்பட்டார்கள். தம்மை ஊரை விட்டு விரட்டியவர்களின் பொருள்கள் தம்மிடம் அடைக்கலமாக இருந்ததை எண்ணி, அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள் என்பது நாம் சிறு வயது முதல் கேட்ட வரலாறு. இதை அலிபாபாவின் குகையோடு வைத்து எண்ணிப் பார்த்தால் வேறுபாடு பளிச்சிடும். அங்கே, கெட்டவர்களின் கையில் இருந்ததால் எடுத்தது தன்னுடையதாயிற்று. இங்கே, கொல்லத் துணிந்தவர்களின் பொருளாயினும் அது அவர்களுடையதாகவே இருந்தது.

இதைச் சொல்லும்போது நம் வீட்டு முற்றத்தையும் பெருக்கிக்கொள்ள வேண்டும். வக்பு நிலங்களின் குத்தகை, பைத்துல்மால் நிதி, மதரஸாவுக்கென்று வசூலித்த தொகை இவையாவும் அமானிதங்களே. பல ஊர்களில் பள்ளிவாசலின் கரும்பலகையில் வெள்ளிக்கிழமை வசூலைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைக்கும் நல்ல வழக்கம் இருக்கிறது. நாமக்கல் ஆட்சியர் இணையத்தில் செய்ததை நம் பெரியவர்கள் கரும்பலகையில் செய்து வந்தார்கள். வரவை எழுதும் அப்பலகையில் செலவையும் எழுதினால் முத்தவல்லியின் மதிப்பு குறையாது, வளரும். எழுதத் தயங்கும் இடத்தில் கேட்பது ஜமாஅத்தாரின் கடமை. கேட்பவரைக் குழப்பக்காரர் என்று ஒதுக்குவது அநீதி.

நேர்மை இத்தனையும் பேசிவிட்டு அன்பை மறந்தால் பேச்சு குறையுடையதாகும். கணக்கில் ஒரு காசும் பிசகாத சிலர், அண்டை வீட்டாருக்கு ஒரு பிடி உப்பும் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் திருமறையின் 107-ஆம் அத்தியாயத்துக்கு ‘அல்மாஊன்’ என்ற பெயர் அமைந்திருப்பது சிந்தனைக்குரியது. அச்சொல்லுக்குப் பானை, வாளி, கோடரி போன்ற, அண்டை அயலார் இரவல் கேட்கும் சிறு பொருள்கள் என்று உரையாசிரியர்கள் பலர் விளக்கம் தந்துள்ளனர். பெரும் தானங்களைப் பேசும் ஒரு சமயம், ஒரு வாளியை இரவல் கொடுப்பதையும் இவ்வளவு பெரிதாக எண்ணியிருக்கிறது.

அலிபாபா கதையிலும் ஓர் இரவல் உண்டு. மூலக் கதையில், கொண்டு வந்த பொன்னை அளப்பதற்காக அலிபாபாவின் மனைவி தன் ஓரகத்தியான காசிமின் மனைவியிடம் படி கேட்கிறாள். அவள் மறுக்கவில்லை, கொடுக்கிறாள். ஆனால், ‘இந்த ஏழை வீட்டில் அளக்க என்ன இருக்கிறது?’ என்று அறியும் ஆவலில், படியின் அடியில் மெழுகைத் தடவிக் கொடுக்கிறாள். படி திரும்பும்போது அதன் அடியில் ஒரு பொற்காசு ஒட்டியிருக்கிறது. அங்கிருந்துதான் பொறாமையும் பேராசையும் சாவும் தொடங்குகின்றன. கதை முழுவதிலும் நம்மைத் தொட வேண்டிய இடம் இதுவே என்போம். குகையும் மந்திரச் சொல்லும் நம் வாழ்வில் வரப்போவதில்லை. படி வரும். இரவல் கேட்டு அண்டை வீட்டாரும் உறவினரும் நம் வாசலில் வந்து நிற்பர். நாம் கொடுப்போம், மெழுகு தடவிக் கொடுக்கிறோமா, தடவாமல் கொடுக்கிறோமா என்பதே கேள்வி. கடன் கொடுத்துவிட்டு அவர் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று நோட்டமிடுவது மெழுகு. உதவி செய்துவிட்டு அதை நாலு பேரிடம் சொல்வது மெழுகு. அந்த மெழுகில் நாணயம் ஒட்டலாம். நம் நாணயம் போய்விடும்.

இறுதியாக, எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைக்கள்ளனைப் போல் இன்னும் நூறு கதைகள் எழுதலாம். பார்க்க மக்களும் இருப்பர். எழுதப்படாமல் கிடப்பது அப்துல் ரஹீமின் கதையே. ஒருவனுடைய மாறுவேடமாக அல்லாமல், தம் பெயரிலேயே, தம் முகத்தோடேயே கடை திறந்து அமர்ந்திருக்கும் அப்துல் ரஹீம். பழுதான சரக்கைப் பழுது என்று சொல்லி விற்றதால் ஒரு நாள் வியாபாரத்தை இழந்தவர். கணக்கில் கூடுதலாக வந்த தொகையைத் திருப்பிக் கொடுக்கப் பரமத்தி வேலூர்ச் சந்தைவரை பேருந்தில் சென்று வந்தவர். கடன் கேட்டு வந்த கைம்பெண்ணிடம் காரணம் கேளாமல் அரிசி அளந்தவர். அவர் வாழ்வில் குதிரையும் வாளும் இல்லை. ஆனால் போராட்டம் உண்டு. தினமும் காலையில் தராசைத் தொடும்போது அது தொடங்குகிறது. அத்தகையோர் இராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் சேலத்துக் கடைவீதிகளிலும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைக் கதையாக்கும் திறம் நம் எழுத்தாளர்க்கு உண்டு. அவர்களைப் போல் நடக்கும் பொறுப்பு நம் ஒவ்வொருவர்க்கும் உண்டு.